தூரம் ஒன்று, நேரம் இரண்டு: நெடுந்தூர விமானப் பயணத்தைக் கணக்கிடும் முறை

இரண்டு நகரங்களின் பெயரைத் தட்டினால் தூரம் இவ்வளவு, பயண நேரம் இவ்வளவு என்று ஒரு நொடியில் சொல்லிவிடும் தளங்கள் ஏராளம். அவை காட்டும் தூரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நேரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பல தளங்கள் தூரத்தை மணிக்கு 800 அல்லது 850 கி.மீ. என்று வகுத்து, மேலே அரை மணி நேரம் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. அதனால் போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம் காட்டும். டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போக ஏறக்குறைய பத்து மணி நேரம், திரும்பி வர கிட்டத்தட்ட பன்னிரண்டு. அந்த இரண்டு மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இரண்டு ஊர்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். இந்த வழியையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: நகரத்தை விடுங்கள், விமான நிலையத்தைப் பிடியுங்கள்

ஒரு தளம் நகரத்தின் மையத்திலிருந்து அளக்கும், இன்னொன்று விமான நிலையத்திலிருந்து அளக்கும். டோக்கியோவுக்கு ஹனேடா, நரிடா என்று இரண்டு நிலையங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 60 கி.மீ. லண்டனுக்கு ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று வரிசையே உண்டு. எட்டாயிரம் கி.மீ. பறக்கிறவருக்கு அறுபது கி.மீ. ஒரு பொருட்டல்ல. ஆனால் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அதுதான் முழுப் பிரச்சினை.

பெயர்க் குழப்பம் இதைவிட மோசம். சான் ஹோசே கலிபோர்னியாவிலும் இருக்கிறது, கோஸ்டா ரிகாவிலும் இருக்கிறது. பர்மிங்காம் இங்கிலாந்தில் ஒன்று, அமெரிக்காவின் அலபாமாவில் ஒன்று. சிட்னி என்ற பெயரில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஓர் ஊர் உண்டு. ஆகவே பெயரை நம்பாமல் டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். கலிபோர்னியா சான் ஹோசே எஸ்.ஜே.சி., கோஸ்டா ரிகாவினுடையது எஸ்.ஜே.ஓ. ஓர் எழுத்துதான் வேறு, நாடே வேறு.

குறியீடு கிடைத்ததும் அந்த நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹனேடா: வடக்கு 35.55, கிழக்கு 139.78. லாஸ் ஏஞ்சல்ஸ்: வடக்கு 33.94, மேற்கு 118.41. தெற்கும் மேற்கும் மைனஸ் குறியுடன் எழுதப்பட வேண்டும். ஆக லாஸ் ஏஞ்சல்ஸின் தீர்க்கரேகை −118.41.

டிகிரி, நிமிடம் என்று கொடுத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. 33 டிகிரி 56 நிமிடம் என்பது 33.56 ஆகாது. 56ஐ 60ஆல் வகுத்தால் 0.93; ஆகவே 33.93. இதைக் கவனிக்காமல் விட்டால் நாற்பது கி.மீ. அங்கேயே தவறிவிடும்.

இரண்டாம் படி: தூரத்தைக் கணக்கிடுதல்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு துண்டு. கூகுள் மேப்ஸில் 'தூரத்தை அளவிடு' கருவியும் இதைத்தான் அளக்கிறது. கருவியே போதும் என்பவர்கள் அதோடு அடுத்த படிக்குப் போய்விடலாம். கையால் ஒரு முறை போட்டுப் பார்த்தால், தவறான விடையைக் கண்டதும் அடையாளம் தெரியும் என்பதால் முறையையும் சொல்லிவிடுகிறோம்.

இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். தனியாக, இரு அட்சரேகைகளின் கோசைனையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வருவது, நாம் தேடும் கோணத்தின் கோசைன்.

நம் உதாரணத்தில் சைன் 35.55 = 0.5814, சைன் 33.94 = 0.5583, பெருக்கினால் 0.3246.
தீர்க்கரேகை வித்தியாசம் 139.78 − (−118.41) = 258.19. அதன் கோசைன் −0.2047. கோசைன் 35.55 = 0.8136, கோசைன் 33.94 = 0.8296. மூன்றையும் பெருக்கினால் −0.1381.
கூட்டினால் 0.1865. இது 79.25 டிகிரியின் கோசைன்.

ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 8,812 கி.மீ. அதே கோணத்தை அறுபதால் பெருக்கினால் 4,755 கடல்மைல். விமானிகள் கடல்மைலில்தான் பேசுவார்கள், ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. சில தளங்கள் 'மைல்' என்று மட்டும் போட்டிருக்கும், அது 1.609 கி.மீ. உள்ள தரை மைலா, கடல்மைலா என்று பார்க்காமல் எடுத்தால் விடை 15 சதவீதம் பிசகும்.

இங்கே மூன்று இடங்களில் வழுக்கும். ஒன்று, மைனஸ் குறி. மேற்கு என்பதை மறந்து 139.78இலிருந்து 118.41ஐக் கழித்தால் வித்தியாசம் 21.37 என்று வந்து, பசிபிக் பெருங்கடலின் அகலம் சுமார் 1,960 கி.மீ. ஆகிவிடும்! இரண்டு, கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருப்பது. எக்செல் போன்ற விரிதாள்கள் எப்போதும் ரேடியனில்தான் கணக்கிடும். டிகிரியை முதலில் ரேடியனாக மாற்றிக் கொடுங்கள். வரும் கோணமும் ரேடியனில் இருக்கும் என்பதால் அதை 6,371ஆல், அதாவது பூமியின் சராசரி ஆரத்தால் பெருக்குங்கள். மூன்றாவது, தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது. அதைச் செய்யவே வேண்டாம்.

விடையைச் சோதிக்க ஓர் எளிய எல்லை இருக்கிறது. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறக்குறைய 20,000 கி.மீ.க்கு மேல் நேர்தூரம் இருக்கவே முடியாது. அது பூமியின் பாதிச் சுற்றளவு. அதற்கு மேல் காட்டினால் அது மாறிப் போகும் வழியின் தூரமாகவோ தவறாகவோதான் இருக்கும். பூமி சரியான உருண்டை அல்ல என்பதால் இந்த முறையில் அதிகபட்சம் அரை சதவீதம் வரை பிசகு உண்டு. பயணத் திட்டத்துக்கு அது போதும்.

பாதை ஏன் வளைந்து தெரிகிறது?

டோக்கியோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் அந்தக் கோடு 35 டிகிரியை ஒட்டியே ஓடும். அப்படியே பறந்தால் தூரம் சுமார் 9,300 கி.மீ. பெருவட்டப் பாதையோ நடுவில் வடக்கு 47 டிகிரிக்கும் மேலே ஏறி இறங்கி, 490 கி.மீ. மிச்சப்படுத்துகிறது. சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் விமானம் அலாஸ்கா பக்கம் சுற்றிப் போவதுபோல் தெரிந்தால் வழி தவறிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. உருண்டையை விரித்துத் தட்டையாக்கியதில் வந்த வளைவு அது. ஒரு உருண்டை பூகோள மாதிரியில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: கி.மீ.யை மணியாக்குதல்

நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு வேகத்தை வைத்துக்கொள்கின்றன. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டும் மாக் 0.85 அளவில் பறப்பவை. 11 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை −56.5 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால் ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. அதில் 0.85 பங்கு சுமார் 900. குறுந்தூரத்துக்கு ஓடும் ஏ320, 737 வகைகள் மாக் 0.78 அளவு, அதாவது 830 கி.மீ. இது காற்றுக்குள் விமானம் செல்லும் வேகம் மட்டுமே. தரைக்கு மேல் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதைக் காற்று தீர்மானிக்கும்.

இனி கணக்கு. விமானம் கச்சிதமாகப் பெருவட்டத்தில் பறக்காது. ரன்வே எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பித் திரும்ப வேண்டும், வகுத்த வான்பாதையில் சேர வேண்டும், இறங்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். இதற்காக 3 முதல் 5 சதவீதம் தூரம் சேர்த்துக்கொள்ளுங்கள். 8,812க்கு 3 சதவீதம் சேர்த்தால் சுமார் 9,100 கி.மீ.

ஏறுவதும் இறங்குவதும் மெதுவானவை. உச்ச உயரத்துக்கு ஏற இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும்; இறங்குவது இலக்குக்கு 200 கி.மீ.க்கும் முன்பே தொடங்கிவிடும். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 கடல்மைல்) வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு பல நாடுகளில் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து 15 நிமிடம் கூடுதலாக வைத்தால் சரியாக இருக்கும்.

அடுத்தது தரையில் ஓடும் நேரம். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது கேட்டிலிருந்து விமானம் பின்னுக்குத் தள்ளப்படும் கணம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தின் கேட்டில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கணம் வரை. பெரிய நிலையங்களில் கிளம்பும் முன் இருபது நிமிடம், இறங்கிய பின் பத்து நிமிடம் தரையிலேயே போய்விடும். விமானி ஒலிபெருக்கியில் சொல்வதோ பறக்கும் நேரம் மட்டும். டிக்கெட்டில் 9 மணி 50 நிமிடம், அறிவிப்பில் 9 மணி 20 நிமிடம் என்றால் விமானம் அவசரப்படுகிறது என்று அர்த்தமில்லை.

நான்காம் படி: காற்று

வித்தியாசம் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் வெப்பமான பகுதிக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு கூடுவதால் அது வலுக்கும். மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747, 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது. தரைக்கு மேல் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் ஒலியின் வேகத்தை அது மீறவில்லை. விமானத்தைச் சுற்றியிருந்த காற்றே அதைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது.

கிழக்கே போகும்போது சராசரியாக 100 கி.மீ. பின்காற்று கிடைப்பதாக வைத்துக்கொண்டால் வேகம் 1,000. 9,100ஐ வகுத்தால் 9 மணி 6 நிமிடம். ஏற்ற இறக்கத்துக்கு 15 நிமிடம், தரையில் 30 நிமிடம் சேர்த்தால் 9 மணி 50 நிமிடத்தை ஒட்டி வரும். திரும்பும்போது பாதையையே மாற்றி, காற்று பலமாக வீசும் இடத்தை ஒதுக்கி, வடக்கே விலகிப் பறப்பார்கள். அப்படியும் 80 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் வேகம் 820. 11 மணி 6 நிமிடம். அதே 45 நிமிடத்தைச் சேர்த்தால் 11 மணி 50 நிமிடம். விமான அட்டவணைகளில் நீங்கள் பார்ப்பதும் இதை ஒட்டியே இருக்கும்.

போகும்போது கிடைக்கும் லாபமும் வரும்போது படும் நஷ்டமும் சரிசமமாகக் கழிந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். கழியாது. இரு திசையிலும் 100 கி.மீ. காற்று என்றால் 9.1 மணியும் 11.4 மணியும் சேர்ந்து இருபதரை மணி. காற்றே இல்லாவிட்டால் இருபதே கால்தான். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொண்டு இருப்பதால் எப்போதும் நஷ்டமே மிஞ்சும்.

வடக்கு–தெற்காகப் போகும் வழிகளில் இந்தத் தொல்லை குறைவு. பிராங்க்பர்ட்டுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே இரு திசையிலும் பத்தரை மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். அங்கே பொதுத் தளங்களின் வகுத்தல் கணக்கும் பழுதில்லை. வட அட்லாண்டிக்கில் காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் புதிதாகப் பாதைகள் வகுக்கிறார்கள். மேற்கே போகும் பாதைகளை ஷான்விக் கட்டுப்பாட்டு மையமும், கிழக்கே வரும் பாதைகளைக் கனடாவின் காண்டர் மையமும் வெளியிடுகின்றன. நேற்றுப் பறந்த பாதை இன்று இருக்காது.

சில நேரம் நேர்வழியைவிடச் சுற்றுவழி சீக்கிரம். சிங்கப்பூர்–நியூயார்க் பெருவட்டத் தூரம் ஏறக்குறைய 15,350 கி.மீ.; அந்தக் கோடு வட துருவத்தை ஒட்டிப் போகிறது. ஆனாலும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் பசிபிக் மேலே காற்றைப் பிடித்துக்கொண்டு, அதிகத் தூரம் பறந்து, பதினெட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொள்கிறது.

வான்வெளி மூடியிருந்தால் எந்தக் கணக்கும் செல்லாது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு அடைபட்டது. அதுவரை ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரத்துக்குப் போனது. தூரம் காட்டும் தளத்தில் எண் மாறவே இல்லை. ஆகவே கணக்குப் போட்டு முடித்ததும் விமானங்களைப் பின்தொடர்ந்து காட்டும் ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் ஏதாவது ஒன்றில் அதே விமான எண்ணின் கடந்த சில நாள் பயணங்களைப் பாருங்கள். ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஐந்தாறு நாள் பார்த்து, குறைந்ததையும் கூடியதையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் முரண்பட்டால் பாதையில் ஏதோ தடை இருக்கிறது.

ஐந்தாம் படி: கடிகாரம்

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். வந்து சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்துப் பயண நேரம் என்று சொல்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. இரண்டையும் யு.டி.சி.க்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

டோக்கியோ யு.டி.சி.க்கு 9 மணி முன்னால். லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்தில் 8 மணி பின்னால். திங்கள் மாலை 5:00க்கு டோக்கியோவில் கிளம்பினால் யு.டி.சி. காலை 8:00. 9 மணி 50 நிமிடம் கூட்டினால் மாலை 5:50. எட்டு மணி கழித்தால் லாஸ் ஏஞ்சல்ஸில் திங்கள் காலை 9:50. கிளம்பியதற்கு ஏழு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தது போலத் தெரியும். இடையே சர்வதேசத் தேதிக் கோடு. திரும்பும்போது திங்கள் காலை 11:00க்குக் கிளம்பினால் டோக்கியோவில் செவ்வாய் பிற்பகல் 3:50. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக '+1' என்று இருப்பது இதைத்தான் சொல்கிறது. ஹோட்டல் பதிவில் ஒரு நாள் தவறுவது இந்தக் குறியைப் பார்க்காததால்தான்.

கோடை நேர மாற்றம் இன்னொரு பொறி. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை முன்னே தள்ளுகின்றன. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் ஐந்து மணி அல்ல, நான்கு. ஜப்பான் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. எல்லா ஊரும் முழு மணி வித்தியாசத்தில் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம்: அடிலெய்டு +9:30, காத்மாண்டு +5:45.

ஆறாம் படி: இடையில் மாறிப் போவதானால்

'டைரக்ட்' என்று போட்டிருந்தால் நடுவில் நிற்காது என்று பொருளில்லை. விமான எண் மாறாது, அவ்வளவுதான். வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். 'நான்ஸ்டாப்' என்றால்தான் நேராகப் போகும்.

மாறும் ஊர் பெருவட்டத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். லண்டன்–சிட்னி நேர்தூரம் சுமார் 17,000 கி.மீ. சிங்கப்பூர் வழியாக 10,880ம் 6,300ம் சேர்ந்து 17,180. ஒரு சதவீதம்தான் கூடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாகப் போனால் ஏறக்குறைய 20,800. இரண்டும் 'ஒரு நிறுத்தம்' என்றே தேடல் பட்டியலில் வரும், ஆனால் பறக்கும் நேரத்தில் மட்டுமே நாலு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அதோடு, அமெரிக்காவில் வேறு நாட்டுக்கு மாறிப் போகிறவரும் வழக்கமாக அங்கே இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். டிரான்சிட் பயணிக்கும் அதற்குரிய விசாவோ அனுமதியோ தேவை.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு பொதுவாக நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். அப்படி வாங்கினால் இடைவெளி நாலு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அன்றைய கடைசி விமானமாக இருந்தால் அதுவும் போதாது. இறங்கி, இமிகிரேஷன் வரிசையில் நின்று, பெட்டி வரும்வரை காத்திருந்து, வேறு டெர்மினலுக்குப் போய், செக்-இன் மூடும் முன் அங்கே நிற்க வேண்டும். பல நெடுந்தூர விமானங்களில் செக்-இன் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும்.

கடைசியாக, நள்ளிரவு டிக்கெட். 12ஆம் தேதி 00:15 என்று இருந்தால், 11ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 12ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்கிறவருக்கு, அவருடைய விமானம் இருபத்தொரு மணி நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டது என்று கவுன்ட்டரில் சொல்வார்கள்.